சுவிட்ச் யார் கையில்?

விளக்கும் ஃபேனும் பூட்டும் ரேடியோவில் பேசத் தொடங்கிவிட்டன. எந்த மொழியில், யார் வழியாகப் பேசுகின்றன என்று கேட்காமல் வாங்குகிறவர்களின் வீட்டுச் சாவி வேறு எவரிடமோ போய்ச் சேர்கிறது.

அமெரிக்காவில் 299 டாலர் கொடுத்து ரிவால்வ் என்ற சிவப்பு நிறப் பெட்டியை வாங்கியவர்களுக்கு 2016 மே 15 கசப்பான நாள். வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு, குளிர்சாதனம் எல்லாவற்றையும் ஒரே செல்போன் செயலியிலிருந்து இயக்க உதவிய அந்தப் பெட்டி அன்றோடு வேலையை நிறுத்திக்கொண்டது. இடி விழவில்லை, எலி கடிக்கவில்லை, உள்ளே எதுவும் கருகவில்லை. ரிவால்வ் கம்பெனியை 2014 அக்டோபரில் விலைக்கு வாங்கியிருந்தது கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட். அது சர்வரை மூடிவிட்டது. அவ்வளவுதான். பெட்டி நன்றாகத்தான் இருந்தது; அதோடு பேசத்தான் ஆளில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரிவால்வ் பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ரேடியோக்கள் இருந்தன. ஒரு கம்பெனியின் பல்பு ஒரு மொழி பேசும், இன்னொரு கம்பெனியின் பூட்டு வேறு மொழி பேசும். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராக உட்காருவதுதான் அதன் உத்தியோகம். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் மூளை வீட்டில் இல்லை. எங்கோ ஒரு ஊரில், யாரோ மின்கட்டணம் கட்டும் கட்டடத்தில் இருந்தது. கட்டணம் கட்டுபவர் மனம் மாறியதும் வீட்டுக்காரர் கையில் எஞ்சியது ஒரு சிவப்பு டப்பா. எதிர்ப்பு கிளம்பிய பிறகு நெஸ்ட் நஷ்டஈடு பற்றிப் பேச முன்வந்தது.

பிறகாவது பாடம் கற்றார்களா? 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி ஓய்ந்தன. வாடிக்கையாளர்கள் சிலர் சேர்ந்து ஜூன் மாதத்தில் கம்பெனியையே வாங்கித்தான் சந்தாவுடன் மீண்டும் உயிர் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் பெல்கின் கம்பெனி தன் வீமோ வரிசை ப்ளக்குகளிலும் சுவிட்சுகளிலும் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31-ஐக் கெடுவாக அறிவித்தது.

வீமோ அறிவிப்பில் ஒரு வரியை மட்டும் கவனித்துப் படிக்க வேண்டும். எல்லாச் சாதனங்களுக்கும் அது சாவோலை அல்ல. த்ரெட் என்ற ரேடியோ வழி பேசுபவையும், ஆப்பிளின் ஹோம்கிட் முறையில் முன்கூட்டியே இணைக்கப்பட்டவையும் தொடர்ந்து வேலை செய்யும் என்றது கம்பெனி. காரணம், அவற்றின் பேச்சு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பெல்கினின் சர்வரை அவை கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஒரே கம்பெனி, ஒரே பெயர். பேசிய முறை மட்டும்தான் வேறு.

இந்தியக் கடைகளில் ஸ்மார்ட் பல்பும் ஸ்மார்ட் ப்ளக்கும் இன்று மளிகைச் சாமானைப் போல விற்கின்றன. செல்போனுக்குக் கட்டுப்படும் ஃபேன், கீஸர், கதவுப் பூட்டு எல்லாம் வந்துவிட்டன. வாங்குகிறவர் கேட்பது இரண்டே கேள்வி: விலை என்ன, வாரண்டி எத்தனை வருடம்? விற்பவர் பெருமையாகச் சொல்வது ஒரே பதில்: “வை-ஃபை இருக்கு சார்.” அந்தப் பதிலில் வீட்டுக்காரருக்கு வேண்டிய தகவல் கால்வாசிதான் இருக்கிறது.

தபால்காரரும் கடிதமும்

ஸ்மார்ட் சாதனம் பேசுவதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் உண்டு. செய்தியைச் சுமந்து செல்பவர் ஒருவர். செய்தி எழுதப்பட்ட மொழி இன்னொன்று. முதலாமவர் தபால்காரர், இரண்டாவது கடிதம். வை-ஃபை வெறும் தபால்காரர். உறையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். உள்ளே தமிழா, தெலுங்கா என்று பார்க்கமாட்டார். இரண்டு கம்பெனிகளின் வை-ஃபை பல்புகள் ஒரே கூரையின் கீழ், ஒரே ரௌட்டரில் தொங்கிக்கொண்டு ஒன்றையொன்று அறியாமல் வாழ்வது இதனால்தான். தபால்காரர் ஒருவரே, கடித மொழிதான் வேறு. ஆகவே ஆளுக்கொரு செயலி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு.

பெரும்பாலான வை-ஃபை பல்புகள் தங்கள் கடிதத்தை நேராக எஜமானரிடம் கொடுப்பதுமில்லை. கட்டிலில் படுத்தபடி செயலியைத் தொடுகிறார் ஒருவர். கட்டளை ரௌட்டருக்குப் போகிறது. அங்கிருந்து இன்டர்நெட் கம்பெனிக்கு, அங்கிருந்து பல்பு கம்பெனியின் சர்வருக்கு. சர்வர் கணக்கைச் சரிபார்த்து அதே வழியில் திருப்பி அனுப்புகிறது. தலைக்கு மேல் 6 அடி உயரத்தில் இருக்கும் விளக்கை அணைக்க இத்தனை பெரிய யாத்திரை. பல சமயம் அந்த சர்வர் பெட்டி மேல் பெயர் இருக்கும் கம்பெனியுடையதும் அல்ல. 2014-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் தொடங்கப்பட்ட துயா போன்ற கம்பெனிகள் ரேடியோ சிப் பலகையையும் செயலியையும் சர்வரையும் மொத்தமாகத் தயாரித்துக் கொடுக்கின்றன. உலகெங்கும் எத்தனையோ பிராண்டுகள் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்கின்றன.

இன்டர்நெட் ஒழுங்காக இருக்கும்வரை இந்த யாத்திரை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். கேபிள்காரர் மாடியில் வயரை அறுத்துக்கொண்டாலோ, மாதப் பணம் கட்ட மறந்தாலோ வீடு செவிடாகிவிடும். அரசே நிறுத்துவதும் உண்டு: 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் துண்டிக்கப்பட்ட இன்டர்நெட், வீட்டு பிராட்பேண்டுக்குத் திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று.

கல்கத்தாவில் 1890-களின் நடுவில் ஜகதீஷ் சந்திர போஸ் ரேடியோ அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பித் தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். கம்பியில்லாமல் வீட்டுப் பொருளை இயக்கும் வித்தைக்கு இந்தியாவில் போடப்பட்ட பிள்ளையார் சுழி அது. அவரது கருவிக்கும் மணிக்கும் நடுவில் சுவர் இருந்தது. மூன்றாவது மனிதர் இல்லை. நூற்றிமுப்பது வருடம் கழித்து மூன்றாவது மனிதரை வெளியே அனுப்புவது எப்படி என்பதுதான் ஸ்மார்ட் வீட்டுத் தொழிலின் பெரிய தலைவலி.

தேனீயும் டென்மார்க்கும்

தலைவலிக்கு மருந்து முன்பே இருந்தது. வை-ஃபை கம்ப்யூட்டர்களுக்காகப் பிறந்தது. அதன் முதல் தர நிர்ணயம் 1997-ல் வந்தது. சினிமாவைச் சுமக்கும் லாரி அது. ‘எரி’, ‘அணை’ என்ற இரண்டு சொல்லைச் சுமக்க லாரி எதற்கு? மேலும் லாரிக்கு டீசல் அதிகம். கதவு திறந்ததா என்று பார்க்கும் சென்சாரில் இருப்பது காசு அளவிலான ஒரு பேட்டரி. வை-ஃபையில் அது வெகுநாள் தாங்காது.

சைக்கிளில் போகிற தபால்காரர் வேண்டும் என்று 2002-ல் சில கம்பெனிகள் கூடின. அப்படிப் பிறந்தது ஜிக்பீ. தேனீக்கள் வளைந்து வளைந்து ஆடி, பூ இருக்கும் திசையைக் கூட்டாளிகளுக்குச் சொல்லும் நடனத்திலிருந்து பெயர் வந்தது. வேகம் விநாடிக்கு அதிகபட்சம் 250 கிலோபிட். வை-ஃபையோடு ஒப்பிட்டால் நத்தை. ஆனால் சென்சார் பேசும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் தூங்குவதால் சின்ன பேட்டரியிலேயே ஒன்றிரண்டு ஆண்டு ஓடிவிடும். தபால்காரர், கடித மொழி இரண்டும் ஜிக்பீக்குள்ளேயே உண்டு.

கோபன்ஹேகனில் 1999-ல் தொடங்கிய ஜென்சிஸ் கம்பெனி உருவாக்கிய இஸட்-வேவ் இன்னொரு மருந்து. (புளூடூத் என்பதும் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜாவின் பெயர்தான். டென்மார்க்குக்கு இந்தத் தொழிலில் ராசி.) ஒரே குடும்பத்தில் 232 சாதனங்கள் வரை சேரலாம்; ஒரு செய்தி நடுவில் 4 கை வரை மாறலாம்.

கை மாறுவதுதான் இவற்றின் சாமர்த்தியம். வை-ஃபையில் எல்லோரும் ரௌட்டரிடம் நேரே பேச வேண்டும். ஜிக்பீ, இஸட்-வேவ், 2014-ல் வந்த த்ரெட் ஆகியவற்றில் பக்கத்துச் சாதனத்திடம் சொன்னால் போதும். அது அடுத்ததிடம் சொல்லும். வாசல் பூட்டின் செய்தி ஹால் ப்ளக் வழியாக, படிக்கட்டு விளக்கு வழியாக, பின்கட்டில் இருக்கும் ஹப்புக்குப் போய்ச் சேரும். தெருமுனையில் நடந்த சண்டை அரை மணியில் தெருக்கோடியை எட்டுவது போலத்தான். தெருவில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தாலும் செய்தி வேறு வழியில் போய்விடும்.

ஆனால் இந்த ஏற்பாடு ஒன்றை எதிர்பார்க்கிறது: நடுவில் இருப்பவர்கள் விழித்திருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் சாதனங்கள் அஞ்சல் வேலை பார்ப்பதில்லை. மின்சாரத்தில் ஓடுபவைதான் பார்க்கும். இங்கேதான் இந்திய வீடு இடிக்கிறது. அமெரிக்க வீடுகளில் ப்ளக் பாயிண்டுக்குப் பெரும்பாலும் சுவிட்ச் கிடையாது. நம் வீடுகளில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. ராத்திரி படுக்கப் போகுமுன் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு வருவது பாட்டி காலத்துப் பழக்கம். நல்ல பழக்கமும்கூட. அவர் அணைத்த ஒவ்வொரு ஸ்மார்ட் பல்பும் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுக்கிறது. மறுநாள் மொட்டை மாடிக் கதவு சென்சார் ஏன் பேசவில்லை என்று மகன் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

மின்வெட்டு இன்னொரு பரீட்சை. இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் சாதனங்கள் உயிரோடிருக்க, மற்றவை போய்விடும். சங்கிலி பாதியில் நிற்கும். கரண்ட் திரும்பும்போது வேறு ரகளை. நள்ளிரவு 2 மணிக்குப் போன மின்சாரம் 3 மணிக்கு வந்ததும் பல ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பும். அணைக்கலாமென்றால் ரௌட்டர் கண் விழிக்க இன்னும் சில நிமிடம் ஆகும். மின்சாரம் திரும்பினால் பழைய நிலைக்கே போ என்று சொல்லிவைக்கும் வசதி சில பல்புகளில் உண்டு. வாங்குமுன் கேட்க வேண்டிய வசதி அது.

இந்த இரண்டு தொல்லைக்கும் எலக்ட்ரீஷியன்கள் கண்டுகொண்ட தீர்வு எளிது. பல்பை விட்டுவிட்டு, சுவிட்ச்போர்டின் பின்னால் தீப்பெட்டி அளவுள்ள ரிலேயைப் பொருத்துவது. பல்பு பழைய பல்பே. சுவிட்சும் பழைய சுவிட்சே. தட்டினால் எரியும், செல்போனில் சொன்னாலும் எரியும். சுவிட்சை எப்படி வைத்தாலும் ரிலேக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பாட்டியும் மகனும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

காற்றில் இட நெருக்கடி

எல்லா ரேடியோவும் காற்றில்தான் பேச வேண்டும். காற்றிலும் மனை விலை ஏறிவிட்டது. வை-ஃபையின் பழைய பட்டை, புளூடூத், ஜிக்பீ, த்ரெட் எல்லாம் குடியிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில். மைக்ரோவேவ் அடுப்பு கசியவிடும் அலையும் அங்கேதான். மும்பையிலோ பெங்களூரிலோ 12 மாடி அடுக்ககத்தில் நின்று செல்போனில் வை-ஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரௌட்டர்களே வரிசை கட்டும். ஜிக்பீக்கு அந்தப் பட்டையில் 16 சேனல்கள் உண்டு. வை-ஃபை வழக்கமாக உட்காரும் 1, 6, 11 ஆகிய சேனல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் ஜிக்பீயைக் குடிவைத்தால் சத்தம் குறையும். ஹப்பையும் ரௌட்டரையும் ஒரே அலமாரியில் ஒட்டி வைக்காமல் நாலடி தள்ளி வைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

இஸட்-வேவ் அந்த நெரிசலில் இல்லை. அது ஒரு கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுகிறது. இந்தியாவில் அதன் இடம் 865.2 மெகாஹெர்ட்ஸ். அலை நீளம் 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 12 சென்டிமீட்டர் என்றால் இங்கே சுமார் 35. நீண்ட அலை செங்கல் சுவரைக் கொஞ்சம் சுலபமாகத் தாண்டும். இந்த இரு பட்டைகளிலும் குறைந்த சக்திக் கருவிகள் லைசென்ஸ் இல்லாமல் இயங்க மத்திய அரசு 2005-ல் விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகள் இல்லையென்றால் ஒவ்வொரு ரௌட்டருக்கும், பழைய கால ரேடியோப் பெட்டிக்குப் போல, லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும். 2021-ல் அறிவிக்கப்பட்ட மின்துறைத் திட்டத்தின்படி நாடெங்கும் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்துவது இலக்கு. அவற்றில் சிம் கார்டு வழி பேசாத ஒரு பகுதி, தெருவில் மீட்டருக்கு மீட்டர் கைமாற்றிப் பேசுவதும் இதே 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான்.

இங்கே அமெரிக்க மாப்பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. லீவில் வரும்போது மாமனார் வீட்டுக்கு அங்கிருந்து இஸட்-வேவ் பூட்டு வாங்கி வருவது வீண். அமெரிக்க இஸட்-வேவ் 908.42 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. இந்திய ஹப் 865.2-ல் காது வைத்திருக்கிறது. பெரும்பாலான பூட்டுகளில் இதை வீட்டில் மாற்ற முடியாது. அதைவிட மோசம், 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் வரை இந்தியாவில் செல்போன்கள் கோபுரத்தோடு பேசும் இடம். அங்கே ஒரு பூட்டு குறுக்கே பேசுவது சட்டப்படியும் தவறு. வை-ஃபை, ஜிக்பீ, த்ரெட் சாதனங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் உலகெங்கும் பொது. 110 வோல்ட் சாதனமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ரேடியோவே இல்லாத ஒரு மொழியும் இந்திய வீடுகளில் ஏராளமாகப் புழங்குகிறது: டி.வி. ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளி. பழைய ஏ.சி.யையும் ரிமோட் ஃபேனையும் ஸ்மார்ட் ஆக்க, ரிமோட்டைப் போல மிமிக்ரி செய்யும் சின்ன உருண்டைகள் விற்கின்றன. மலிவு, வேலையும் செய்யும். ஆனால் அது ஒருவழிப் பேச்சு. ஏ.சி. அணைந்ததா என்று பதில் வராது. நடுவில் யாராவது நின்று ஒளியை மறைத்தால், அணைந்துவிட்டது என்று செயலி சொல்ல, ஏ.சி. பாட்டுக்கு ஓடி மின்கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்.

இணைப்பு மொழி வருகிறது

ஆளுக்கொரு மொழி பேசும் இந்தப் பாபேல் கோபுரத்தில் வியாபாரம் வளராது என்பது ஜாம்பவான்களுக்கே புரிந்தது. 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகிய மூன்று போட்டியாளர்களும் ஜிக்பீ கூட்டமைப்போடு ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். 2021-ல் அந்த முயற்சிக்கு ‘மேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழர்களுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் பிழை அவர்களுடையது அல்ல. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது.

மேட்டர் தபால்காரர் அல்ல; அது கடித மொழி. வை-ஃபை, த்ரெட், ஈதர்நெட் கேபிள் என்று மூன்று தபால்காரர்களிடமும் அதே கடிதத்தைக் கொடுக்கலாம். எந்தக் கம்பெனியின் பல்பும் எந்தக் கம்பெனியின் ஹப்புக்கும் கட்டுப்பட வேண்டும். ஒரே பல்பு குறைந்தது 5 நிர்வாகிகளுக்கு ஒரே சமயத்தில் கட்டுப்படலாம்: மனைவியிடம் ஆப்பிள் போன், கணவரிடம் ஆண்ட்ராய்டு என்றாலும் விளக்குக்குச் சண்டையில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, பேச்சு வீட்டு நெட்வொர்க்குக்குள் நடக்க வேண்டும் என்பது. இன்டர்நெட் அறுந்தாலும், கம்பெனி திவாலானாலும் ‘எரி’ என்றால் எரிய வேண்டும்.

இணைப்பு மொழி என்றாலே இந்தியாவில் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இங்கும் சந்தேகத்துக்கு இடமுண்டு. மேட்டர் சின்னம் பெட்டியில் இருந்தால் அது வை-ஃபையா த்ரெட்டா என்று உடனே தெரிவதில்லை. த்ரெட் என்றால், வீட்டு நெட்வொர்க்கோடு அதை இணைக்கும் எல்லை ரௌட்டர் ஒன்று தேவை. சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலும் டி.வி. பெட்டிகளிலும் அது உள்ளேயே இருக்கிறது, சிலவற்றில் இல்லை. வெவ்வேறு கம்பெனிகளின் எல்லை ரௌட்டர்கள் ஒரே வீட்டில் தனித்தனிக் குடித்தனம் நடத்திய அபத்தத்தைத் தீர்க்கும் த்ரெட் பதிப்பு 2024 செப்டம்பரில்தான் வந்தது. மொழியின் அகராதியும் மெதுவாகத்தான் நிரம்புகிறது. முதல் பதிப்பில் விளக்கும் பூட்டும் இருந்தன. இந்திய வீட்டின் உயிர்நாடியான ஃபேனும் அறை ஏ.சி.யும் 2023 அக்டோபர் பதிப்பில்தான் தனி இடம் பெற்றன. காமிராவுக்கு 2025 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அகராதியில் இல்லாத சொற்களைக் கம்பெனிகள் தங்கள் சொந்தச் செயலியில் ஒளித்துவைக்கின்றன. பல்பை எரிக்க, மங்கலாக்க, நிறம் மாற்ற மேட்டர் போதும். தீபாவளிக்கு ஏற்ற விளக்கு நாட்டியம் வேண்டுமா? கம்பெனியின் செயலிக்கே வா என்பார்கள். அங்கே கணக்குத் திறக்கச் சொல்வார்கள். கணக்குத் திறந்ததும் மறுபடி சர்வர், மறுபடி மூன்றாவது மனிதர்.

உள்ளூர் பேச்சுக்கும் காவல் வேண்டும்

வீட்டுக்குள்ளேயே பேசினால் ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2016-ல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் கல்விக்கழகத்தையும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ரகசியக் குறியீட்டு மேதை ஆதி ஷமீர் உட்பட, ஒரு ட்ரோனைப் பறக்கவிட்டு ஒரு கட்டடத்தின் ஜிக்பீ விளக்குகளைத் தூரத்திலிருந்தே தங்கள் வசப்படுத்திக் காட்டினார்கள். ஒரு பல்பைத் தொற்றினால் அது பக்கத்துப் பல்பைத் தொற்றும் என்றும் நிரூபித்தார்கள். கைமாற்றிப் பேசும் அதே சாமர்த்தியம் நோய் பரப்பவும் உதவும். முன்கூட்டியே தகவல் கொடுக்கப்பட்டதால் பிலிப்ஸ் கம்பெனி ஓட்டையை அடைத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, தொழிற்சாலை பாஸ்வேர்டு மாற்றப்படாத காமிராக்களும் வீடியோ ரிக்கார்டர்களும் மிராய் என்ற வைரஸின் அடிமைகளாகி, அமெரிக்காவில் டின் என்ற கம்பெனியின் சர்வர்களைத் தாக்கின. ட்விட்டர் முதல் நெட்ஃப்ளிக்ஸ் வரை பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. காமிராக்களின் சொந்தக்காரர்களில் பலருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அவர்கள் வீட்டுக் காமிரா வழக்கம்போல வாசலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு கதையிலும் வித்தியாசம் ஒன்றுதான். ஓட்டையை அடைக்கப் பிலிப்ஸ் இருந்தது. மிராய்க்கு இரையான மலிவு காமிராக்களுக்கு நாதி இல்லை. பூட்டோ பல்போ வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்குள் இருக்கும் சாஃப்ட்வேரை ஆண்டுக்கணக்கில் பழுது பார்க்க யாராவது இருக்க வேண்டும். எத்தனை காலம் வரை பழுது பார்ப்போம் என்று விற்பவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது. யூகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டுக்கும் அங்கே தடை. இந்தியாவில் சிசிடிவி காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரலில் கட்டாயமாயிற்று.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் வாங்குகிறவரே செய்யக்கூடியது நிறைய. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, வயதான பெற்றோர் தனியே இருக்கும் வீடுகளில்தான் இந்தச் சாதனங்களுக்கு மெய்யான தேவை இருக்கிறது. அப்பா ராத்திரி எழுந்தால் தானாக எரியும் பாத்ரூம் விளக்கு, கேஸ் கசிந்தால் கத்தும் சென்சார், வேலைக்காரம்மாவுக்குத் திறந்துவிடும் பூட்டு. இவை விளையாட்டுச் சாமான்கள் அல்ல. டொரண்டோவிலிருந்து மகள் பார்க்க வேண்டுமென்றால் சர்வர் தேவைதான், அதில் தவறில்லை. ஆனால் அப்பாவின் பாத்ரூம் விளக்கு எரிவதற்கு டொரண்டோவும் வேண்டாம், ஹாங்சோவும் வேண்டாம்.

ஆகவே கடையில் விலைக்கும் வாரண்டிக்கும் முன்பு ஐந்து கேள்வி கேட்கலாம். இன்டர்நெட் இல்லாதபோது செல்போனிலிருந்து வேலை செய்யுமா? கணக்குத் திறக்காமல் பொருத்த முடியுமா? ஹப் தேவையா, தேவையென்றால் எந்த மொழி ஹப்? கரண்ட் போய் வந்தால் என்ன நிலையில் இருக்கும்? சாஃப்ட்வேர் பழுது பார்ப்பது எந்த ஆண்டு வரை? கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால், ஒன்றே ஒன்று வாங்கிவந்து வீட்டில் ரௌட்டருக்கு வரும் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். மீதி ஒன்பதை வாங்குவதா, முதலாவதைத் திருப்பிக் கொடுப்பதா என்பதை அந்தப் பத்து நிமிடம் சொல்லும்.

பூட்டு என்றால் ஒரு நிபந்தனை கூடுதல்: இரும்புச் சாவி போடத் துவாரம் இருக்க வேண்டும். விளக்கு என்றால் அதைவிட எளிது. ஜிக்பீயோ த்ரெட்டோ மேட்டரோ, எல்லாம் ஓய்ந்துபோன ஓர் இரவில் வீட்டுக்கு வந்த விருந்தாளி இருட்டில் தடவிச் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். எரியாது என்றால், அந்த வீட்டில் ஸ்மார்ட்டாக இருப்பது கம்பெனி மட்டும்தான்.